நகர விநியோகமும் கூட்டுறவு முறையும்

ஒரு பண்டம் நெடுந்தொலைவு கடந்து நகர எல்லையை அடைவது எளிது. எல்லையிலிருந்து வீட்டு வாசலை அடைவதே கடினம். லாரி நிறைய வந்த சரக்கு அங்கே சிறு பொட்டலங்களாகப் பிரிகிறது. பாதி காலியான வண்டிகள் தெருத்தெருவாக நின்று நின்று ஓடுவதால் டீசல் வீணாகிறது, புகையும் மிகுகிறது.

இதற்குப் பரிகாரமாக ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் சரக்கு மிதிவண்டிகள் ஓடுகின்றன. பெட்டி பொருத்திய இவ்வண்டியில் மிதிப்பவருக்குத் துணையாகப் பாட்டரியும் சிறு மோட்டாரும் உண்டு. நூறு கிலோ சுமையுடன் லாரி நுழையாத சந்திலும் நுழையும். எந்தப் பொட்டலத்தை எவர், எவ்வழியே கொண்டு செல்வது என்பதைக் கணினி நிரல் வகுத்துக் கைப்பேசியில் காட்டுகிறது. ஒரே திசைக்குரியவை ஒரே நடையில் சேருகின்றன.

எனினும், வேலையைப் பங்கிடும் அந்நிரல் எவருடைய உடைமை என்னும் கேள்வி எழுகிறது. 2016 ஜூலையில் பெல்ஜியத்தின் டேக் ஈட் ஈசி என்னும் உணவு விநியோக நிறுவனம் முறிந்தது. ஓட்டியவர் பலருக்குச் செய்த வேலைக்குரிய கூலி நின்றுபோயிற்று. வண்டி அவர்களிடமே இருந்தது. வேலை வந்த வழியோ அடைபட்டது. அந்நிறுவனத்துக்கு உழைத்த ஒருவர் சுதந்திர வியாபாரி அல்லர், தொழிலாளியே என்று 2018 நவம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் கருதியது. நிரல் அவரது இருப்பிடத்தைக் கண்காணித்ததும், தண்டிக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்ததும் அதற்குக் காரணங்களாயின.

இத்தகைய அனுபவங்களையொட்டிப் பிரான்சில் தோன்றியதே கூப்சைக்கிள். இது மிதிவண்டி விநியோகக் கூட்டுறவுகளின் கூட்டமைப்பு. தனியே நிரல் செய்விக்கும் வசதி சிறு சங்கத்துக்கு இல்லை. ஆதலால் பல சங்கங்கள் ஒரே நிரலைச் சேர்ந்து பேணுகின்றன. அதன் அமைப்பை எவரும் பார்க்கலாம். வாணிகத்துக்கு எடுத்தாளும் உரிமையோ கூட்டுறவு முறையில் இயங்குவோர்க்கே உண்டு.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. பாரமான பேல்களுக்கு லாரியே ஏற்றது. நகருக்குள் சரக்கை மாற்றி ஏற்றச் சிறு கிடங்கு தேவை. அதற்கு வாடகையும் ஆட்கூலியும் ஆகும். போதிய பொட்டலங்கள் சேராவிடில் செலவு கட்டாது. ஆகவே, பல சங்கங்கள் ஒன்றுகூடினாலன்றி இது நிலைக்காது.

தறி சொந்தமாயிருந்தும் நூல் பிறர் கையில் இருந்தால் நேரும் இன்னலை நம் அங்கத்தினர் அறிவர். துணியையோ காய்கறியையோ நகர வாசலுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்யும் சங்கம், கட்டணத்தைக் கேட்கும் முன், வாடிக்கையாளர் பட்டியலும் கணக்கும் எவரிடம் இருக்கும் என்று கேட்டுத் தெளிதல் வேண்டும்.