பதிவேட்டின் பலகணி

இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் 1209-ஆம் ஆண்டில் தோன்றியது. எண்ணூறு ஆண்டுகட்கு மேற்பட்ட பழமை வாய்ந்த அக்கல்விக் கழகத்தில் இன்று 31 கல்லூரிகள் உள்ளன. அங்குப் பயிலும் மாணவர் ஒரு கல்லூரியில் உறைவார். ஒரு துறையில் பாடம் கேட்பார். நூலகத்தில் நூல் பெறுவார். ஆய்வுக்கூடத்துள் சென்று கருவிகளைக் கையாள்வார். செல்லுமிடந்தோறும் அவரைப் பற்றிய வினாக்கள் எழும். இவர் இப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்தாமா? எத்துறையினர்? இன்னும் பயில்கின்றாரா, படிப்பு முடித்துச் சென்றுவிட்டாரா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே கதவு திறக்கும். நூல் கைக்கு வரும்.

ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென ஓர் ஏடு வைத்துக்கொள்ளுமாயின் குழப்பமே மிகும். ஓர் ஏட்டில் திருத்திய செய்தி மற்றோர் ஏட்டில் திருத்தப்படாது நிற்கும். சென்ற திங்கள் படிப்பை விட்டு நீங்கியவருக்கு ஆய்வுக்கூடக் கதவு திறக்கும். நேற்றுச் சேர்ந்தவர் அதே கதவின் முன் காத்து நிற்பார். ஆகவே, பதிவேடு ஒன்றாக இருத்தல் வேண்டும். வேண்டுவோர் அனைவரும் அதனையே வினவுதல் வேண்டும். கேம்பிரிட்சில் இத்தகைய பதிவேட்டுச் சேவை ‘லுக்கப்’ என வழங்குகிறது. ‘தேடிப் பார்’ என்பது அதன் பொருள். ஒரே பெயருடையார் பலர் இருத்தல் கூடுமாதலின், பெயரின் முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் சேர்ந்த அடையாளக் குறி ஒவ்வொருவருக்கும் அளிக்கப்படுகிறது. அக்குறியைக் கொண்டு தேடினால், உரியவரின் பதிவு ஐயத்துக்கு இடமின்றிக் கிடைக்கும்.

தேடுபவர் மனிதராயின், இணையப் பக்கத்தைத் திறந்து கண்ணால் படித்துக்கொள்வார். ஆனால், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் எழும் வினாக்களைக் கேட்பவை பெரும்பாலும் கணினி நிரல்களே. நூலகத்தின் கணினி கேட்கும். கதவைக் காக்கும் கணினி கேட்கும். அவற்றுக்கு வண்ணப் பக்கமும் படங்களும் வேண்டா; தெளிவான வினாவும் சுருங்கிய விடையும் போதும். நிரலும் நிரலும் இவ்வாறு உரையாடுதற்கென வகுத்த ஒழுங்கே ‘ஏ.பி.ஐ.’ எனப்படும். தமிழில் இதனைப் பயன்பாட்டு நிரல் இடைமுகம் என்பர்.

பழைய ஆவணக்களரி ஒன்றை மனத்திற் கொண்டால் இதன் இயல்பு விளங்கும். அங்கே சுவடிகள் உள்ளறையில் அடுக்கப்பட்டிருக்கும். வெளியார் எவரும் உள்ளே புகுதல் இயலாது. பலகணியின் முன் நின்று, வேண்டும் செய்தியைச் சீட்டில் எழுதி நீட்டுவர். எழுத்தர் சீட்டை ஆராய்ந்து, உரிய பகுதியை மட்டும் படியெடுத்துத் தருவார். ஏ.பி.ஐ. என்பது அத்தகையதொரு பலகணியாகும்.

இப்பலகணி ஒரே நாளில் அமைந்ததன்று. கணினி வழியே முகவரிகளைத் தேடுதற்கென ‘எக்ஸ்.500’ என்னும் அனைத்துலக நெறி 1988-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது சிறு கணினிகள் தாங்கவொண்ணாப் பெருஞ்சுமையாக இருந்தது. அச்சுமையைக் குறைக்கும் பொருட்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் ஹவ்சும் பிற அறிஞரும் ‘எல்டாப்’ என்னும் எளிய நெறியை 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர், ராய் பீல்டிங் என்பவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 2000-ஆம் ஆண்டில் அளித்த ஆய்வேட்டில் வேறொரு முறையை விளக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி இணைய முகவரி இருத்தல் வேண்டும் என்பது அம்முறையின் கூறுகளுள் ஒன்று. அதன்படி, ஒருவருடைய பதிவுக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரியை அழைத்தால் அப்பதிவு விடையாக வரும்.

வினவும் நிரல் அனுப்பும் வேண்டுகோளில் மூன்று கூறுகள் அடங்கும். முதலாவது முகவரி, யாருடைய பதிவு வேண்டும் என்பதையும், அதில் எப்பகுதி வேண்டும் என்பதையும் அது சுட்டும். இரண்டாவது செயல், ‘கெட்’ என்னும் சொல் ‘பெற வேண்டும்’ எனப் பொருள்படும். இச்சொல்லால் பதிவைப் படிக்கலாமேயன்றி மாற்றுதல் ஆகாது. மூன்றாவது சான்று, கேட்பவர் இன்னார் என மெய்ப்பிக்கும் மறைவான திறவுகோல் அது. விடையும் ஓர் ஒழுங்கில் அமையும். ‘துறை – இயற்பியல்’, ‘நிலை – மாணவர்’ என்றாற்போலப் பெயரும் பொருளும் இணையிணையாக நிற்கும். இவ்வமைப்புக்கு ‘ஜேசன்’ என்று பெயர்.

விடையின் தலைப்பில் ஓர் எண் நிற்கும். 200 என்பது வேண்டியது நிறைவேறிற்று என்பதன் குறி. 401 எனில் கேட்பவர் தம்மை இன்னாரென மெய்ப்பிக்கவில்லை. 403 எனில் அவருக்கு அதனைக் காணும் உரிமை இல்லை. 404 எனில் அப்படி ஒரு பதிவு காணப்படவில்லை. 429 என்பது, அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டதால் சற்றுப் பொறுக்க வேண்டும் என்பதாகும்.

இவ்வெண்களுள் 403-க்கும் 404-க்கும் உள்ள வேறுபாடு சிறிதென்று தோன்றும்; ஆயினும் ஓர் உயிரின் அச்சம் அதில் அடங்கியிருத்தல் கூடும். தம்மைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தும் ஒருவனுக்கு அஞ்சி, மாணவி ஒருவர் தம் பதிவை மறைத்து வைக்குமாறு வேண்டியுள்ளார் எனக் கொள்க. அத்தீயவன் அவர் பெயரைக் கொண்டு வினவுகிறான். ‘காண உனக்கு உரிமையில்லை’ என்று 403 விடை வருமாயின், அவர் அங்கே இருக்கிறார் என்பதை அவன் அறிந்துகொள்வான். மறுத்த சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்! ‘காணப்படவில்லை’ என்ற 404 விடையோ அவனுக்கு எதனையும் உணர்த்தாது. இதனைக் கருதியே, இருப்பதையும் மறைக்க வேண்டுமிடத்து 404 என விடையளிக்கலாம் என இணைய நெறிமுறை இசைவு தருகிறது.

தனித்தனியே சிறிதாகத் தோன்றும் செய்திகள் ஒருங்கு திரளும்போது தீங்கும் பெருகும். 2003-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், விடுதிகளின் இணைய ஏடுகளிலிருந்த மாணவர் ஒளிப்படங்களை மாணவர் ஒருவர் இசைவின்றித் திரட்டினார். அவற்றை இரண்டிரண்டாக வைத்து, தோற்றத்தை ஒப்பிட்டு மதிப்பிடச் செய்யும் தளம் ஒன்றையும் அமைத்தார். எதிர்ப்பு எழுந்தது, சில நாள்களில் அத்தளம் மூடப்பட்டது. ஒரு படத்தை ஒருவர் காண்பது வேறு. எல்லாப் படங்களையும் ஒரு நிரல் வாரிச் செல்வது வேறு. 429 என்னும் தடை எதற்கு என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் ஒன்று மாணவர் பதிவுகளைக் காக்கிறது. பெயர் போன்ற பொதுச் செய்திகளைக் கல்விக் கழகம் வெளியிடலாம். எனினும், வேண்டா என மாணவர் தடுப்பாராயின் வெளியிடலாகாது. கேம்பிரிட்சுப் பதிவேட்டிலும் சில செய்திகளை உலகோர் அனைவரும் காணவும், சிலவற்றைப் பல்கலைக்கழகத்தார் மட்டுமே காணவும் வகை செய்துள்ளனர்.

ஆகவே, நிரல் எழுதப் புகுவோர் மூன்றினைப் போற்றுதல் வேண்டும். வேண்டிய செய்தியை மட்டுமே கேட்டல் முதலாவது. நூல் வழங்கும் நிரலுக்கு மாணவரின் பிறந்த நாள் எதற்கு? தமக்களித்த திறவுகோலைப் பிறர் கண்ணிற் படாமல் காத்தல் இரண்டாவது. பெற்ற விடையைத் தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளாமை மூன்றாவது. நேற்றைய படி இன்று பொய்யாதலும் உண்டு.

கேட்டவர்க்கெல்லாம் கேட்டதையெல்லாம் அள்ளித் தரும் பதிவேடு விரைவில் மக்களின் நம்பிக்கையை இழந்துவிடும். உரியவர்க்கு உரியதைத் தந்து, ஏனையோர்க்கு அடைத்து நிற்பதே நல்ல பலகணியின் இலக்கணம். பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் உயிருள்ள ஒருவர் இருக்கின்றார். அவர் நலமே இவ்வொழுங்குகள் அனைத்தின் பயனாகும்.