உங்களுக்குத் தெரியுமா? கோட்டையா, தோட்டமா?

● 1997இல் வந்த முதல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ கணினி ஆட்டத்தில், மதிலும் காவல் கோபுரமும் கட்டும் வித்தையைப் படைக் கொட்டடியில் கற்க முடியாது. தானியக் களஞ்சியத்தில்தான் கற்க வேண்டும். அறுவடையைக் கொண்டுவந்து கொட்டுகிற அதே கட்டடம். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் ஏதோ வசதிக்காக அப்படி வைத்திருக்கலாம். ஆனால், செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு அது விநோதமாகத் தோன்றாது.

● செஞ்சியில் ராஜகிரி அடிவாரத்தில், உள்கோட்டைக்குள், பெரிய பெரிய களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1690இல் முற்றுகையைத் தொடங்கிய முகலாயத் தளபதி சுல்பிகர் கானால் 1698இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. இடையில் பட்டினி கிடந்தது யார் தெரியுமா? முற்றுகையிட்டவர்கள்தான்! சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற மராட்டியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்த தானிய வண்டிகளை மறித்துவிட, 1693இல் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.

● ஆட்டத்தின் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. அதில் ஒரு வயல் போட 60 மரம், ஒரு கோட்டை எழுப்ப 650 கல். வயலுக்குக் கல் தேவையில்லை, கோட்டைக்கு மரம் தேவையில்லை. பிறகு ஏன் இரண்டுக்கும் நடுவே எல்லாரும் திண்டாடுகிறார்கள்? ஆள் பற்றாக்குறைதான். கல் உடைக்கப் போனவன் அந்த நேரத்தில் வயலில் இருக்க முடியாது. மேம்படுத்தாத ஒரு வயல் 175 உணவு தரும். ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவு போதும். ஆக, ஒரு வயலின் விளைச்சலில் மூன்று பேர் கூடுதலாகக் கிடைப்பார்கள், அவர்கள் அடுத்த வயலில் இறங்குவார்கள். 125 கல்லை விழுங்கிய காவல் கோபுரமோ, எதிரி அந்தப் பக்கம் வராத வரைக்கும் வெறுமனே நிற்கும். கோபுரமாகக் கட்டித் தள்ளுகிற பொடியன்கள் தோற்பது பெரும்பாலும் எதிரியிடம் அல்ல, தங்கள் கல் குவாரியிடம்.

● அதற்காகக் காவலே வேண்டாமா? தேர்ந்த ஆட்டக்காரர்கள் வயல்களை நகர மையத்தை ஒட்டியே போடுவார்கள். ஆபத்து என்றால் மணியடிக்கலாம். 15 பேர் வரை உள்ளே ஓடி ஒளியலாம், ஒளிந்தவர்களால் அந்தக் கட்டடம் எய்யும் அம்புகளும் கூடும். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எதிரி உங்கள் ஆட்களைக் கொல்லவே வேண்டியதில்லை. நாலு குதிரையை அனுப்பி அடிக்கடி மணியடிக்க வைத்தாலே போதும், அறுவடை நின்றுவிடும்.

● ஆட்டம் தொடங்கிய முதல் சில நிமிடங்களிலேயே அடுத்தவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவது சிலருக்கு வழக்கம். தொல்காப்பியத்தின் புறத்திணைகளில் முதலாவது வெட்சி, அதாவது பகைவரின் ஆநிரை கவர்தல். கோட்டையை முற்றுகையிடும் உழிஞை அதற்குப் பிறகுதான் வருகிறது. வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

● கொங்கில் கல்லே தேவைப்படாத மதில் ஒன்று உண்டு: கிளுவை வேலி. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் மேய்ச்சலுக்கென்றே விடப்பட்ட கொறங்காடுகளைச் சுற்றி முள்கிளுவைக் குச்சிகளை நெருக்கமாக நட்டுவிடுவார்கள். அவை வேர்பிடித்து, ஆடும் மாடும் நுழைய முடியாத உயிர்வேலியாகிவிடும். உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் கூடவே நிற்க ஓர் ஆள் வேண்டியதில்லை. காங்கேயம் காளை வளர்ந்தது இந்த வேலிக்குள்தான். காவலுக்கு ஆள் நிறுத்தாமலே காவல்!

● கோவையிலும் கோட்டை இருந்தது. 1790இல் ஆங்கிலேயத் தளபதி மெடோஸ் இந்தச் சீமைக்குள் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் தானியம். கஜ்ஜல்ஹட்டி கணவாய் வழியாக மைசூருக்கு ஏறும் படைக்கு இங்கேதான் இருப்புச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு திப்புவின் படை கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே இருந்த ஆங்கிலேய லெப்டினன்ட் சால்மர்ஸ் சிறு படையோடு ஆகஸ்ட் மாதத் தாக்குதலைச் சமாளித்துவிட்டார். நவம்பரில் சரணடைந்தார். பின்னர் கோட்டை இடிக்கப்பட்டது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது கோட்டைமேடு என்ற பேட்டையின் பெயர்.

● காளிங்கராயன் வாய்க்காலோ 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பு அணை கட்டி, சுமார் 90 கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து கொண்டுபோயிருக்கிறார்கள். 15,000 ஏக்கருக்கு மேல் இன்னமும் பாய்கிறது.

● ஆட்டத்தில் கன ஏர், பயிர்ச் சுழற்சி என்று உணவும் மரமும் செலுத்தினால் கொஞ்ச நேரத்தில் விளைச்சல் கூடிவிடும். நிஜத்தில்? கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது 1912இல். நாட்டுக் கரும்போடு காட்டுக் கரும்பைச் சேர்த்து உருவாக்கிய ‘கோ 205’ ரகம் வெளிவந்தது 1918இல்.

● 2022இல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ தொகுப்பில் ‘திராவிடர்’ என்றொரு நாடும் ராஜேந்திர சோழனின் போர்த்தொடரும் சேர்ந்தன. சுருள்வாள் வீரனும் திரிசடைக் கப்பலும் உண்டு. பலரும் கவனிக்காத சலுகை வேறொன்று: ஒரு யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு ஏறும்போதெல்லாம் 200 மரம் இலவசம். மூன்று வயல் போட்டு 20 மரம் மிச்சம் வைக்கலாம். ஆனால் நம்மவர்கள் அதை விற்றுப் படை திரட்டுவார்கள்!

● ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கிய கோவை ஆர்.எஸ்.புரத்தில் மதிலும் இல்லை, அகழியும் இல்லை. உழவர் சந்தை இருக்கிறது. அந்தத் திட்டம் தமிழ்நாட்டில், மதுரையில் தொடங்கியது 1999 நவம்பரில். ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்து ஏறக்குறைய ஆறு வாரம் ஆகியிருந்தது. ஆட்டத்திலும் சந்தை உண்டு, விளைந்ததை விற்றுப் பொன் வாங்கலாம். ஒவ்வொரு முறை விற்கும்போதும் விலை இறங்கும், அதற்கு மேல் 30 சதவீதம் கமிஷன் வேறு. வணிகக் குழுக்களுக்கான மேம்பாட்டைச் செய்தால் 15 ஆகும். உழவர் சந்தை மாதிரி இடைத்தரகே இல்லாமல் விற்க முடியுமா என்று தேடிப் பார்த்தால், அந்த ஆட்டத்தில் சாரசன் நாட்டாருக்குத்தான் யோகம். அவர்களிடமிருந்தும் 5 சதவீதம் பிடிக்கிறார்கள்.