சிலியில் விடிந்தால் காவலூரில் வேலை

பெங்களூர் ஜீவனஹள்ளியில் மொட்டை மாடி ஏறி அண்ணாந்து பார்த்தால் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தெருவிளக்குகளின் உபயம். அந்தப் பகுதியை ஒட்டிச் செல்லும் சென்னை ரயில் பாதையில் போய் வாணியம்பாடியில் இறங்கி, ஜவ்வாது மலை ஏறினால் நிலைமை வேறு. அங்கே காவலூரில் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருட்டை நம்பியே பிழைக்கிறது.

பெங்களூர் கோரமங்களாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமானது இது. காவலூரைத் தேர்ந்தெடுத்தவர் விஞ்ஞானி வைணு பாப்பு. 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே வேலை தொடங்கியது. பெரிய தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவரது கனவு. 1982இல் அவர் காலமானார். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்து, பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

இப்போது உலகத்தின் பார்வை தென் அரைக்கோளத்தில். சிலி நாட்டு மலையில் அமைந்த வேரா ரூபின் ஆய்வகம் தன் முதல் படங்களை 2025 ஜூனில் வெளியிட்டது. கண்ணாடி 8.4 மீட்டர். தென் வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுத்து, புதிதாக மின்னுவதையும் நகர்வதையும் அது உடனுக்குடன் அறிவிக்கும்.

அப்படியானால் காவலூருக்கு ஓய்வா? இல்லை. சிலியில் பொழுது விடிந்துவிட்டால் ரூபினுக்குக் கண் தெரியாது. அடுத்த சில மணி நேரத்தில் இந்தியாவில் இருட்டுகிறது. பூமத்திய ரேகைக்கு 12.5 டிகிரி மட்டுமே வடக்கே இருப்பதால் தென் வானத்தின் பெரும்பகுதி காவலூருக்கும் தெரியும். ரூபின் கண்டுபிடிப்பவற்றில் மிக மங்கலானவை இதற்கு எட்டாது. ஆனால் வெடிக்கும் நட்சத்திரம் ஒன்று ஓரளவு பிரகாசமாக இருந்தால், அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்து அது எந்த ரகம் என்று சொல்ல 2.3 மீட்டர் போதும்.

தடைகள் இரண்டு. ஒன்று மழைக்கால மேகம், அதற்கு மருந்தில்லை. மற்றொன்று, சுற்றுவட்டார ஊர்கள் வளர வளர வானில் ஏறும் வெளிச்சம். இதற்கு மருந்து எளிது. விளக்குகளை அணைக்க வேண்டியதில்லை. ஒளி தரையில் மட்டும் விழும்படி மேலே மூடி போட்டால் போதும். பாதசாரிக்கும் வெளிச்சம் கிடைக்கும், தொலைநோக்கிக்கும் இருட்டு மிஞ்சும். மின்சாரச் செலவும் குறையும். தாமதித்தால் காவலூர் வானமும் ஜீவனஹள்ளி வானமாகிவிடும்.