கடைக்காரருக்கு ஓய்வு எப்போது?

நமது வியாபாரிகள் கூடுமிடத்தில் முன்பெல்லாம் விலைவாசி, வரி, சரக்கு வரத்து பற்றியே பேச்சு இருக்கும். இப்போது கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது மளிகைக்கடைக்காரர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "முடியலைங்க." வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் இதைச் சொல்லவில்லை. கல்லாவில் பணம் விழும்போதே சொல்கிறார்கள். ஆகவே இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

செஞ்சி, அனந்தபுரம், பனமலை வட்டாரத்துச் சிறு கடை ஒன்றின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்தினால் 16 மணி நேரம். சாப்பாடு முதலியவற்றுக்கு 2 மணி கழித்தாலும் 14. ஏழு நாளும் திறந்தால் வாரத்துக்கு 98 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்கிறது அந்த ஆய்வு. திங்கட்கிழமை கடை திறக்கும் நாம், அந்த 55 மணி நேரத்தை வியாழன் இரவே தாண்டிவிடுகிறோம்.

வேலை பெருகிய விதம்

அரிசி, பருப்பு, புளி, மிளகாய், வெல்லம், எண்ணெய் என்று மூட்டையையும் டின்னையும் பிரித்து, நிறுத்து, பொட்டலம் கட்டுவதே ஒரு காலத்தில் மளிகைக்கடை வேலை. பிறகு சாஷே வந்தது. அதற்குப் பாதை போட்டவர் நமது பக்கத்துக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். கூலி வேலை செய்யும் குடும்பமும் ஷாம்பு வாங்க முடிந்தது, அது நல்லதே. ஆனால் பாட்டிலுக்கு ஒருமுறை வருபவர் சாஷேவுக்குப் பத்துமுறை வருகிறார். பத்துமுறையும் எழுந்து, சரத்திலிருந்து கிழித்துக் கொடுத்து, சில்லறை தர ஓர் ஆள் வேண்டும்.

1991-க்குப் பிறகு சரக்கின் வகைகள் பெருகின. கம்பெனிக்கு ஒரு சேல்ஸ்மேன், ஒரு ஸ்கீம், ஒரு காலாவதித் தேதி. டி.வி.யில் நேற்று வந்த பொருளை இன்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். 2011-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமம், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. கணக்கு என்று மேலும் வந்தன. 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, ஷாம்பு, பற்பசை வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பழைய விலை அச்சிட்ட சரக்கை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நியாயம் இருக்கலாம். எல்லாம் வந்து விழுவது கல்லாவில் இருக்கும் அந்த ஒருவர் தலைமேல்தான்.

சட்டம் யாருக்கு?

1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் வேலையாளுக்கு நாளுக்கு 8 மணி, வாரம் 48 மணி என்று வரம்பு வைத்து, வார விடுமுறையும் தந்தது. 2021-இல் அதே சட்டத்தைத் திருத்தி, வேலையாள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் சிறு கடையில் வேலையாள் ஏது? கணவன், மனைவி, பள்ளி விட்டு வந்த பிள்ளை, அவ்வளவுதான். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க 2019-இல் தமிழக அரசு அனுமதித்தது. அவர்களுக்கு ஷிப்ட் மாற்ற ஆள் உண்டு. நமக்கு இருப்பது ஒரே உடம்பு.

அப்படியிருந்தும் நாம் ஏன் சாத்துவதில்லை? வாடிக்கையாளருக்குப் பயந்து அல்ல. எதிர்க்கடை திறந்திருக்கிறதே என்ற பயம்தான். எதிர்க்கடைக்காரரும் நம்மைப் பார்த்தே விழித்திருக்கிறார்.

2020-இல் கொரோனா ஊரடங்கின்போது, ஏப்ரல் 5 முதல் மளிகைக்கடைகள் காலை 6 முதல் பகல் 1 மணி வரை மட்டுமே திறக்கலாம் என்று அரசு உத்தரவிட்டது. துன்பமான காலம், அது திரும்ப வர வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்தது. எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் சாத்தியதால் யாருடைய வாடிக்கையும் அடுத்தவரிடம் ஓடவில்லை. மக்கள் நேரம் தெரிந்து வந்து வாங்கினார்கள்.

செய்யக்கூடியவை

ஒவ்வொரு கடைவீதியும் கூடிப் பேசி, வாரத்தில் ஒரு நாள் பகல் 1 மணிக்குமேல் கடை சாத்தலாம். செஞ்சியில் வெள்ளிக்கிழமை சந்தை. அந்த நாள் ஆகாது. மேல்மலையனூர் செல்லும் கூட்டம் இருப்பதால் அமாவாசை நாளையும் தவிர்க்கலாம். கூலி வாங்கிக்கொண்டு மாலையில் சாமான் வாங்குபவர்கள் சிரமப்படாதிருக்க, முன்கூட்டியே அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகள் அந்த அரை நாளில் லைன் வண்டியும் வசூல் ஆளும் அனுப்பாதிருக்க வேண்டும். மற்ற நாட்களில் இரவு 9 மணிக்கு ஷட்டரை இறக்கலாம்.

கிடைக்கும் நேரத்தில் முதலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. பிறகு குடும்பத்தோடு எங்கேனும் சென்று வாருங்கள். பனமலை ஏரிக்கரைக் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில் சுமார் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. அங்குள்ள பார்வதி ஓவியத்தைக் காண வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள். அடிவாரத்து வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறியிருப்போம்?

தனி ஒருவர் கடை சாத்தினால் அவருக்கு நஷ்டம். எல்லோரும் சேர்ந்து சாத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்காகவும்தான். அடுத்த மாதக் கூட்டத்தில் மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். எந்தக் கிழமை என்பதை முதலில் முடிவு செய்வோம்.