தண்ணீர்மலைப் படி ஏறுவதற்கு முன்

மரம் வெட்டும்போது கத்தி விரலில் பட்டால் துணியை வைத்து அழுத்துகிறோம். கொஞ்ச நேரத்தில் இரத்தம் நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்து நான் மருந்து போடுவதற்குள் பாதி வேலையை இரத்தத்திலுள்ள தட்டணுக்களே முடித்திருக்கும். டெங்கிக் காய்ச்சல் வந்தவருக்கு ‘பிளேட்லெட் குறைஞ்சிடுச்சு’ என்கிறார்களே, அதுதான் இது. கடுகளவு இரத்தத்திலேயே இலட்சக்கணக்கில் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் உண்டாகி, 8, 10 நாள் இரத்தத்தில் சுற்றிவிட்டு அழிந்துபோகும்.

இவ்வளவு நல்ல வேலைக்காரனால் ஓர் ஆபத்தும் உண்டு. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் உள்சுவரில் வருஷக் கணக்காகக் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்தால், தட்டணுக்கள் அதையும் கத்தி வெட்டு என்றே நினைத்து ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அதுதான் மாரடைப்பு. சிகரெட்டும் இனிப்பு நீரும் இந்த ஒட்டும் குணத்தை இன்னும் கூட்டும்.

தினசரி நடை அதைக் குறைக்கும். பின்லாந்து நாட்டில் உடல் பருத்த நடுத்தர வயது ஆண்களை 12 வாரம் மிதமான தேகப்பயிற்சி செய்ய வைத்தார்கள். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது குறைந்ததாக 1986இல் எழுதினார்கள். தைவானில் 1995இல் வெளியான ஆராய்ச்சியில் 8 வாரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. ஆனால் பயிற்சியை விட்ட 12 வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதாவது, போன வருஷம் நடந்த நடை இந்த வருஷத்துக்கு உதவாது.

இன்னொன்றும் உண்டு. பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று கடுமையாக வருத்தினால், அந்த நேரத்தில் தட்டணுக்கள் கூடுதலாக ஒட்டும். இங்கேதான் எனக்குக் கவலை. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி. வருஷம் முழுக்க டிராக்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் உட்கார்ந்தே போகிறவர், தைப்பூசத்தன்று மட்டும் பட்டினியோடு ஒரே மூச்சில் ஏறப் பார்க்கிறார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், நின்று நின்று ஏறுங்கள்.

தீபாவளி முடிந்ததும் நடக்க ஆரம்பித்தால் தைப்பூசத்துக்குள் இரண்டரை, மூன்று மாதம் கிடைக்கும். வாரத்தில் 5 நாள், அரை மணி நேரம். பக்கத்தில் வருகிறவரிடம் பேச முடியணும், பாட்டுப் பாட மூச்சு போதாது, அந்த வேகம் சரி. தோட்டத்துச் செம்மண் ரோடே போதும். பட்டணத்துப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு மலையடிவாரத்துப் பூந்தோட்டம் இருக்கிறது. “தினமும் மரம் வெட்டுறேனே, டிரஸ்ஸர்” என்பவர்களுக்கு அந்த நடையும் கணக்குத்தான். ஓய்வு பெற்ற பிறகுதான் கால் சும்மா இருந்துவிடுகிறது.

டாக்டர் கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரையும் இதே தட்டணுக்களைத்தான் அடக்குகிறது. ‘நான்தான் நடக்கிறேனே’ என்று நீங்களாக அதை நிறுத்தக் கூடாது. இருதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் நடை ஆரம்பிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

நடக்கும்போதோ படியிலோ நெஞ்சை அழுத்தினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி இறங்கினால், குளிர்ந்து வேர்த்தால், அங்கேயே உட்காருங்கள். காற்றுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிராமல், பக்கத்திலுள்ளவரை 999க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.