திரைக்காப்பு வராத கணனி: வயர் இல்லாத மவுஸைச் சோதிப்பது எப்படி?



"வயர் இல்லாத மவுஸ் வாங்கினதிலயிருந்து ஸ்கிரீன் சேவர் வாறதில்லை. வந்தாலும் உடனே கலைஞ்சு போகுது. கொம்பியூட்டர் பழுதோ?" இப்படிக் கேட்பவர்கள் பலர். கணனி பழுதில்லை. பெரும்பாலும் அந்த மவுஸ்தான் காரணம். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு வெள்ளைத் தாளும் போதும்.

"ஸ்கிரீன் சேவர் வராவிட்டால் என்ன நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். பழைய பெட்டி போன்ற மொனிற்றர்களில் ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் அதன் தடம் கண்ணாடியில் பதிந்துவிடும். அதைத் தடுக்க வந்ததுதான் இந்தத் திரைக்காப்பு. இன்றைய தட்டைத் திரைகளில் அந்தக் கவலை குறைவு. ஆனால் திரைக்காப்புக்கு இன்னொரு வேலை உண்டு. நாம் எழுந்து போனபின் கணனியைப் பூட்டுவது அது.

கணக்காளனாக நான் கவலைப்படுவது இந்தப் பூட்டைப் பற்றித்தான். கனடாவில் ஏப்ரல் 30ஆந் திகதிக்குள் வருமான வரிப் படிவம் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேசைக் கணனியில் 9 இலக்கச் சமூகக் காப்புறுதி எண், சம்பள விபரம், வங்கிக் கணக்கு எல்லாம் திறந்தபடி கிடக்கும். எங்கள் வீடுகளில் அத்தோடு குடிவரவுக் கடிதங்களும், ஊரிலுள்ள உறவினரின் அடையாள அட்டைப் பிரதியும் இருக்கும். வாடகைக்கு இருப்பவர், விருந்தாளி, பிள்ளையின் நண்பர் என்று பலர் வந்து போகும் வீடு. யாரும் கெட்டவர்கள் என்பதல்ல. பூட்டு என்றால் பூட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கடைசியாக விசையைத் தட்டிய அல்லது மவுஸை அசைத்த நேரத்திலிருந்து கணனி நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கும். 10 நிமிடம் என்று வைத்திருந்தால், 10 நிமிடம் ஒரு அசைவும் இல்லாவிட்டால்தான் திரைக்காப்பு வரும். ஒன்பதாவது நிமிடத்தில் மவுஸ் ஒரு மயிரிழை அசைந்தாலும் எண்ணிக்கை மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அந்த அசைவு உங்கள் கையால் வந்ததா, தானாக வந்ததா என்று கணனிக்குத் தெரியாது.

தானாக எப்படி அசையும்? மவுஸின் அடியில் ஒரு விளக்கும் மிகச் சிறிய கமராவும் உண்டு. அது மேசைப் பரப்பை விநாடிக்கு 1000 தடவைக்கு மேல் படம் பிடித்து, முன்னைய படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தது என்று கணிக்கிறது. பரப்பு கண்ணாடியாகவோ பளபளப்பாகவோ இருந்தால் அந்தக் கணிப்பு தடுமாறும். மவுஸ் அசையாமல் கிடந்தாலும் "அசைந்தது" என்று அறிவித்துவிடும்.

சோதனையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

முதலாவது: திரைக்காப்பின் காத்திருப்பு நேரத்தை 1 நிமிடமாகக் குறையுங்கள். மவுஸின் அடியிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். திரைக்காப்பு வந்தால் குற்றவாளி மவுஸ். மவுஸைத் தலைகீழாகப் புரட்டி வைத்துச் சோதிப்பவர்களும் உண்டு. அறை வெளிச்சம் பட்டு அப்போதும் சில மவுஸ்கள் அசைவு காட்டும். சுவிட்சை அணைப்பதே நிச்சயமான வழி.

இரண்டாவது: மவுஸை மீண்டும் போட்டு, ஒரு சாதாரண வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். இப்போது திரைக்காப்பு வந்தால் பிழை மேசையில். மேசைக்கு விரித்திருக்கும் பளபளக்கும் பிளாஸ்ரிக் விரிப்பும் கண்ணாடித் தட்டும் இதற்குப் பேர்போனவை. துணியாலான ஒரு மவுஸ் விரிப்பு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாவது: தாளிலும் சரிவராவிட்டால் மவுஸைத் திருப்பிப் பாருங்கள். கமராத் துவாரத்தில் ஒரு தலைமயிரோ தூசியோ இருந்தாலே போதும். பற்றறியைக் கழற்றிவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடையுங்கள். புதிய பற்றறி போடுங்கள்.

நான்காவது: மேசை அதிர்கிறதா? பிரிண்டரோ பெரிய ஸ்பீக்கரோ அதே மேசையில் இருந்தால் அந்த அதிர்வே மவுஸை அசைக்கும்.

ஐந்தாவது: அம்புக்குறி விக்கி விக்கி நகர்ந்தால் வானலையில் குறுக்கீடு இருக்கலாம். இன்றைய வயர் இல்லாத மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான். நீல நிற யூ.எஸ்.பி. 3.0 துவாரங்களும் அவற்றில் செருகிய ஹார்ட் டிஸ்க்குகளும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதை இன்ரெல் நிறுவனமே 2012இல் வெளியிட்ட ஆவணத்தில் விளக்கியிருந்தது. ரிசீவரை அவற்றிலிருந்து தள்ளி, ஒரு சிறிய நீட்டிப்பு வயர் மூலம் மவுஸுக்கு அருகே கொண்டுவாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ரிசீவர் கணனியில் செருகியபடி இருக்க, மவுஸ் மட்டும் அணைக்கப்படாமல் பிள்ளையின் புத்தகப் பையில் கிடக்கலாம். பை அசையும்போதெல்லாம் கணனி விழித்திருக்கும்.

மவுஸை அணைத்தும் திரைக்காப்பு வரவில்லையா? அப்படியானால் வேறிடத்தில் தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் காணொளியும் காணொளி அழைப்பும் திரைக்காப்பை வேண்டுமென்றே தடுத்து வைப்பவை. செருகியிருக்கும் விளையாட்டுக் கொன்ரோலரும் சிலவேளை தடுக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். இரண்டை ஒன்றாகக் கழற்றினால் எது காரணம் என்று தெரியாமற் போகும். கணக்கில் பிழை தேடுவதும் இப்படித்தான்.

திரைக்காப்பு ஒழுங்காக வரத் தொடங்கியபின் ஒரு முக்கிய வேலை மிச்சமுண்டு. விண்டோஸ் கணனியில் படம் வருவதால் மட்டும் பூட்டு விழாது. திரைக்காப்பு அமைப்புப் பெட்டியில் காத்திருப்பு நேரத்துக்குப் பக்கத்தில், "திரும்பி வரும்போது உள்நுழைவுத் திரையைக் காட்டு" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் இடுங்கள். கணனிக்குக் கடவுச்சொல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சோதனைக்காக 1 நிமிடமாக்கிய நேரத்தை 5 அல்லது 10 நிமிடத்துக்கு மாற்றவும் மறவாதீர்கள்.

அதுவரைக்கும், அதன் பிறகும்கூட, எழும்பும்போது விண்டோஸ் சின்னமுள்ள விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். கணனி அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும். அப்பிள் கணனியில் கொன்ரோல், கொமாண்ட், கியூ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். மவுஸ் எவ்வளவு ஆடினாலும் இந்தப் பூட்டு திறக்காது. வீட்டில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதை இன்றே காட்டிக்கொடுங்கள்.