வீடியோ தொகுப்புக்குக் கூலி எவ்வளவு?

கருமத்தம்பட்டியிலோ அதையடுத்த சோமனூரிலோ தறி ஓடும் வீடொன்றில் நுழைந்து, "ஒரு மீட்டர் நெய்ய என்ன கூலி?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே விடை கிடைக்காது. என்ன ரகம், அங்குலத்துக்கு எத்தனை பிக், எந்த நூல் என்று எதிர்க்கேள்விகள் வரும். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் ஊடை நூலும் பெற்று, நெய்த துணியைக் கொடுத்துக் கூலி வாங்கும் ஊர் இது. வேலையின் அளவு தெரியாமல் விலை சொல்வது இங்கே வழக்கமில்லை.

அதே ஊரில், நிக்காஹ் வீடியோவைத் தொகுக்கும் இளைஞரிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்? "மொத்தமா என்ன தம்பி ஆகும்? பார்த்துப் போட்டுக் கொடுங்க." அவ்வளவுதான். அவரும் கூச்சத்தோடு ஒரு தொகையைச் சொல்கிறார். நாம் அதில் பாதியைக் கேட்கிறோம். பின்னர் மூன்று மாதமாகியும் படம் வரவில்லை என்று வருந்துகிறோம்.

வீடியோ எடுப்பவர் ஒருவர், அதைத் தொகுப்பவர் வேறொருவர் என்ற நிலை இன்று பரவிவிட்டது. தொகுப்பவருக்குப் பெரும்பாலும் கடையோ பெயர்ப்பலகையோ இருப்பதில்லை. வீட்டு அறையில் ஒரு கணினி. அதுவே அவரது தறி. நம் பிள்ளைகளில் பலரும் இத்தொழிலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். எனவே இந்தக் கூலிக் கணக்கு, கொடுக்கும் வீட்டாருக்கும் வாங்கும் வீட்டாருக்கும் ஒருசேரத் தேவைப்படுகிறது.

கேசட் காலத்தில் கணக்கு எளிதாக இருந்தது. மூன்று மணிநேரக் கேசட் எத்தனை நிறைந்தது என்பதே பேச்சு. இன்று முடிந்த படம் இருபது நிமிடமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் மூன்று கேமராக்களில் பதிவான பதினான்கு மணிநேரக் காட்சிகள் கிடக்கும். ஆதலால் "முடிந்த படத்தில் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு" என்று பேசுவது பெரும்பாலும் இரு தரப்பையும் ஏமாற்றும். பதினான்கு மணிநேரத்திலிருந்து மூன்று நிமிடத்தைப் பொறுக்கியெடுப்பது, ஒரு மணிநேரப் படத்தை வரிசையாக ஒட்டுவதைவிடக் கடினமான வேலையாக இருக்கக்கூடும். படம் சுருங்கினால் கூலியும் சுருங்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குள்ள தவறான எண்ணம்.

சரியான கணக்கு எங்கே தொடங்க வேண்டும்? தொகுப்பவரின் ஒரு நாளிலிருந்து. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். எண்களை உங்கள் ஊருக்கும் அவரவர் அனுபவத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 ரூபாய் வேண்டும் என்கிறார் ஒருவர். அவருடைய கணினியின் விலை 1,08,000 ரூபாய். மூன்றாண்டு உழைக்கும் எனில் மாதத்துக்கு 3,000. மின்சாரம், இணையம், மென்பொருள், சேமிப்புத் தட்டு ஆகியவற்றுக்கு இன்னொரு 3,000. ஆக 36,000. மாதம் முப்பது நாளும் அவருக்குக் கூலி வேலை கிடைப்பதில்லை. வேலை தேடுவதிலும், பேசுவதிலும், நம் பதிலுக்குக் காத்திருப்பதிலும் பாதி நாள்கள் கழிகின்றன. பதினைந்து நாள் என்று கொண்டால், நாளொன்றுக்கு 2,400. எட்டு மணிநேர வேலைக்கு மணிக்கு 300 ரூபாய்.

இனி நம் திருமண வீட்டுக்கு வருவோம். பதினான்கு மணிநேரக் காட்சிகளைப் பார்த்துத் தெரிவு செய்யவே 14 மணிநேரம் ஆகும். வெட்டி ஒட்ட 12. ஒலியையும் வண்ணத்தையும் சீராக்க 8. நாம் சொல்லும் திருத்தங்களுக்கு 4. முடித்துப் படியெடுக்க 2. மொத்தம் 40 மணிநேரம், கூலி 12,000 ரூபாய். "கம்ப்யூட்டர்தானே செய்கிறது, ஒரு நாள் வேலைதானே" என்று நாம் நினைத்தது ஐந்து முழு நாள் உழைப்பு! டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு கிடைப்பது உண்மையே. கருவி இலவசம் என்பதால் கையின் உழைப்பும் இலவசமாகிவிடாது.

துணிக்கடை, பேக்கரி, பிரியாணிக் கடை நடத்தும் சகோதரர்கள் வாரந்தோறும் சிறு விளம்பர வீடியோக்கள் போடுகிறார்கள். அவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பேரம் பேசுவதைவிட மாத ஒப்பந்தமே மேல். அதில் கூலி குறைவது நியாயமும்கூட. முன்சொன்ன கணக்கிலேயே பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தால் அவருக்கு மாதம் இருபது நாள் வேலை உறுதியானால், நாளொன்றுக்கு 1,800 கிடைத்தாலே அவருடைய 36,000 வந்துவிடும். மணிக்கூலி 225 ஆகிறது. வேலையைக் கூட்டிக் கொடுத்துக் கூலியைக் குறைக்கலாம். "அடுத்த தடவை நிறைய வேலை தருகிறேன்" என்ற வாக்குறுதியைக் கொடுத்துக் குறைக்கலாகாது.

வெளியூர் எடிட்டரை ஃபைவர் போன்ற இணையச் சந்தைகளில் தேடுவோரும் உண்டு. அங்கே தொகுப்பவரின் வருமானத்தில் 20 சதவீதத்தை அந்நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. 10,000 ரூபாய் வேலையில் அவர் கைக்குச் சேர்வது 8,000. அதற்குமேல் நம்மிடமும் ஒரு கட்டணம் வாங்குவார்கள். ஜி.எஸ்.டி. என்று 18 சதவீதம் யாரேனும் சேர்த்துக் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு பெறாதவர் அவ்வரியை வசூலிக்க இயலாது.

பேசிய கூலி எழுத்தில் இருக்க வேண்டும். கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்களின் அனுபவம் நம் கண்முன்னே உள்ளது. 2021 நவம்பர் 24 அன்று சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் கூலி உயர்வு பேசி முடிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரி 9 முதல் தறிகள் நின்றன. 2025 மார்ச் 19 அன்று மீண்டும் நின்றன; ஏப்ரலில் 15 சதவீதம், 10 சதவீதம் என உயர்வு முடிவான பிறகே ஓடின. சங்கமும் அதிகாரிகளும் நடுவில் இருந்தே இந்த நிலை. தனி அறையில் வேலை செய்யும் எடிட்டருக்குச் சங்கம் ஏது?

ஒரு பக்கத் தாள் போதும். என்ன தருகிறோம், என்ன வேண்டும், எந்த நாளில், எத்தனை தடவை திருத்தம், கூலி எப்போது ஆகியவை அதில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கை வேலை தரும்போதும், இன்னொரு பங்கை முதல் படி வந்தவுடனும், மீதியை முடிவிலும் கொடுக்கலாம். திருத்தத்தில்தான் உறவுகள் கசக்கின்றன. மாமா ஒரு நாள், சின்னம்மா ஒரு நாள், சவூதியிலிருந்து மச்சான் ஒரு நாள் என்று ஆளுக்கொன்று சொன்னால் எந்தக் கூலியும் கட்டாது. வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பார்த்து, எந்த நிமிடத்தில் என்ன மாற்றம் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு தடவைக்கு மேற்பட்ட திருத்தத்துக்குத் தனிக் கூலி என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது. பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகள் யார் கணினியில் கிடக்கின்றன? அப்பகுதியைப் பெண் எடிட்டரிடம் தனியாகக் கொடுக்க விரும்பினால், இரண்டு பேருக்கான கூலியை மனமுவந்து ஏற்க வேண்டும். தன் வேலைக்கு மாதிரி என்று அக்காட்சிகளை எவருக்கும் காட்டக்கூடாது, எங்கும் பதிவேற்றக்கூடாது என்பதையும் தாளில் எழுதுங்கள். கூலி கொடுத்து எடுக்கச் செய்த படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்கே என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. தொகுத்த திட்டக் கோப்பும் வேண்டுமானால் தொடக்கத்திலேயே கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் அது தனி வழக்காகிவிடும்.

காட்சிகளை இணையம் வழியே அனுப்ப முயல வேண்டாம். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான 4கே காட்சி, ஒரு மணிநேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். பதினான்கு மணிநேரத்துக்கு 630 ஜிபி. உங்கள் செலவில் ஒரு சேமிப்புத் தட்டு வாங்கி, அதில் படியெடுத்துக் கையில் கொடுங்கள். மூலப் படி வீட்டிலேயே இருக்கட்டும். இறுதிப் படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட அன்றே மீதிக் கூலியைச் செலுத்துங்கள். அதன்பின் ஒரு மாதம் கழித்து, தம் கணினியிலுள்ள காட்சிகளை அழித்துவிட்டதாக அவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி, தட்டையும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.